மீட்டர் மறைத்த மின்னோட்டம்

மூன்று ஆண்டு ஓடும் என்று கணக்குப் பார்த்து வைத்த ஒரு சிறு கருவி நாற்பதாம் நாள் நின்றுபோனது. அறையின் வெப்பநிலையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து ரேடியோ வழியே அனுப்பும் கருவி அது. நிரலை ஓட்டும் சிறு கணினிச் சிப்பான ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர், என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ, ஒரு வெப்பநிலை சென்சார், ஒரு சிஆர்2032 பட்டன் செல் ஆகியவையே அதன் உறுப்புகள். செல் பழையதாக இருந்திருக்கும் என்று எண்ணி வேறொன்றைப் போட்டேன். அதுவும் ஏறக்குறைய அதே நாற்பது நாளில் தீர்ந்தது. இரண்டு செல்கள் ஒரே காலத்தில் தீர்ந்தால் குற்றத்தைச் செல்லின் மேல் போட முடியாது. ஆனால் கருவியைப் பொருத்துவதற்கு முன்பே அது இழுக்கும் மின்னோட்டத்தை மல்டிமீட்டரில் அளந்து, 6.1 மைக்ரோ ஆம்பியர் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். இப்போது மீண்டும் அளந்தேன். அதே 6.1.

கணக்கை இங்கே விரித்துச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதற்கெல்லாம் அதுவே அளவுகோல். சிஆர்2032 செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. மைக்ரோகண்ட்ரோலர் ஆழ்ந்த தூக்கநிலையில் இருக்கும்போது, அதை எழுப்பும் வாட்ச்டாக் டைமர் மட்டும் ஓடினால், 3 வோல்ட்டில் ஏறத்தாழ 4 மைக்ரோ ஆம்பியர் போதும் என்கிறது அதன் தரவுத்தாள். அணைந்த நிலையில் ரேடியோ 0.9 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும். சென்சார் ஒன்றுக்கும் குறைவாக எடுக்கும். ஆக மொத்தம் 6. வாட்ச்டாக் டைமர் அதிகபட்சம் 8 நொடிதான் எண்ணும் என்பதால், சிப் 8 நொடிக்கு ஒருமுறை கண்விழித்து, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு, உடனே தூங்கப் போய்விடும். 38ஆவது விழிப்பில், அதாவது 304 நொடிக்கு ஒருமுறை, செல்லின் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து ரேடியோவை இயக்கும். அந்த வேலை சுமார் 50 மில்லிநொடி நீடிக்கும். அப்போது 13 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். இந்தச் சிறு பொழுதின் செலவை 304 நொடிக்கும் பரப்பிப் பார்த்தால் சராசரி 2 மைக்ரோ ஆம்பியர். எனவே கருவியின் மொத்தச் சராசரி 8. அந்த அளவில் 220 மில்லி ஆம்பியர் மணி 27,500 மணி நேரத்துக்கு வரும். அது மூன்று ஆண்டுக்குச் சற்று மேல். நாற்பது நாள் என்பதோ வெறும் 960 மணி. 220ஐ 960ஆல் வகுத்தால் 229 மைக்ரோ ஆம்பியர் வருகிறது. இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு எங்கோ போய்க்கொண்டிருந்தது. மீட்டரில் அதன் சுவடே இல்லை.

துப்பு வேறு இடத்தில் கிடைத்தது. ரிசீவர் பக்கத்தில், வந்து சேரும் ஒவ்வொரு செய்தியையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவைக்கும் ஏற்பாடு இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்தபோது, நான் மீட்டரை இணைத்து அளந்துகொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு செய்திகூட வந்திருக்கவில்லை. மீட்டரைக் கழற்றிய பிறகு செய்திகள் வழக்கம்போல் வரத் தொடங்கியிருந்தன. முதன்முறை அளந்த நாளின் பக்கத்திலும் இதே இடைவெளி இருந்தது. அளவெடுக்கும்போது நான் மீட்டரின் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, கருவி தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்கவே இல்லை.

மல்டிமீட்டர் மின்னோட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. ஷன்ட் என்று சொல்லப்படும் ஒரு மின்தடையின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதன் இரு முனைகளுக்கும் இடையே எழும் மின்னழுத்தத்தை அளந்து, அதையே ஆம்பியராக மாற்றிக் காட்டுகிறது. முழு அளவுக்கு 200 மில்லி வோல்ட் என்று அமைந்த சாதாரண மீட்டரில் 200 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சின் ஷன்ட் 1 கிலோ ஓம். 2 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் அது 100 ஓம், 20 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் 10 ஓம். இன்னும் தரமான மீட்டர்களின் மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் 100 ஓம் அளவில் இருப்பதுண்டு. கையேட்டில் ‘பர்டன் வோல்டேஜ்’ என்ற தலைப்பின் கீழ் இந்த விவரம் இருக்கும். தூங்கும் சுற்று 6 மைக்ரோ ஆம்பியர் இழுக்கும்போது 1 கிலோ ஓமில் வெறும் 6 மில்லி வோல்ட்தான் விழுகிறது. அதை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதே சுற்று விழித்து 13 மில்லி ஆம்பியர் கேட்டால் 1 கிலோ ஓமில் 13 வோல்ட் விழ வேண்டும். கையில் இருப்பதோ 3 வோல்ட். ஆகவே கேட்ட மின்னோட்டம் வரவே வராது. சுற்றின் மின்னழுத்தம் சரிந்துவிடும்.

சரிந்த பிறகு என்ன நடந்தது என்பதை அறிய, சிப் தொடங்கும்போது எல்இடியை ஒருமுறை மட்டும் மின்னச் செய்யும்படி நிரலில் ஓர் அடி சேர்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு, மீட்டரோடு இணைத்த சுற்றை மேசைமேல் வைத்துக் காத்திருந்தேன். செல்லைப் போட்டதும் எல்இடி ஒருமுறை மின்னியது. அதன் பிறகு அது மின்னவே கூடாது. ஐந்து நிமிடம் கழித்து மீட்டரின் திரையில் ரேஞ்சைத் தாண்டிய அடையாளமாக ஒற்றை ‘1’ தோன்றி மறைந்தது. கூடவே எல்இடியும் மின்னியது. திரை மீண்டும் 6.1க்கு இறங்கியது. இன்னும் ஐந்து நிமிடம். மீண்டும் அதே காட்சி. ரேடியோவை இயக்க முயன்ற ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் 1.8 வோல்ட்டுக்குக் கீழே சரிந்து, பிரவுன் அவுட் பாதுகாப்பு சிப்பை ரீசெட் செய்துகொண்டிருந்தது. அந்த ‘1’ஐ நான் முன்பும் பார்த்திருக்கிறேன், ரேடியோ அனுப்புகிறது, அதனால் கூடுகிறது என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன்.

ரீசெட் ஆகிறது என்பது தெரிந்தாலும் 229 எங்கே என்ற கேள்வி நின்றது. மின்னோட்டம் மீட்டரைத் தவிர்த்துப் போகும்படி அதன் இரு முனைகளையும் ஒரு முதலைக் கிளிப்பால் குறுக்கே இணைத்து, சுற்று ஒருமுறை முழுமையாக விழித்து, ரேடியோவில் அனுப்பி, மறுபடி தூங்கும்வரை பொறுத்திருந்தேன். ரிசீவரில் செய்தி வந்ததை உறுதிசெய்துகொண்டு கிளிப்பை எடுத்தேன். திரையில் ‘1’ தோன்றியது, ஆனால் இம்முறை மறையவில்லை. 2 மில்லி ஆம்பியர் ரேஞ்சுக்கு மாற்றக் குமிழைத் திருப்பியபோது எல்இடி மின்னிவிட்டது. குமிழ் ஒரு ரேஞ்சிலிருந்து அடுத்ததற்குப் போகும் நொடியில் சுற்று அறுந்துபோகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ரேஞ்ச் மாற்றும்போதும் கிளிப் குறுக்கே இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து, கிளிப் இருக்கும்போதே ரேஞ்சை மாற்றி, பிறகு கிளிப்பை எடுத்தேன். 0.226 மில்லி ஆம்பியர்.

காரணம் நிரலில் இருந்தது. தொடக்கத்தில் அனலாக் அளவை டிஜிட்டலாக மாற்றும் ஏடிசி பகுதியை அணைத்திருந்தேன். செல்லின் மின்னழுத்தத்தை அளக்கும் இடத்தில் அதை இயக்கியிருந்தேன். அளந்த பிறகு அணைக்கத் தவறியிருந்தேன். தூங்கப் போவதற்கு முன் ஏடிசியை அணைக்காவிட்டால் அது தூக்கநிலையிலும் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும் என்று தரவுத்தாள் தெளிவாகவே சொல்கிறது. ஆக, செல்லைப் போட்டதிலிருந்து முதல் ஐந்து நிமிடத் தூக்கம் உண்மையாகவே 6 மைக்ரோ ஆம்பியர்தான். முதல் செய்தியை அனுப்பிய பிறகு வரும் ஒவ்வொரு தூக்கமும் 226. மீட்டரை இணைத்திருக்கும்போதோ சுற்று முதல் செய்தியை அனுப்பும் நிலையையே அடையாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிறந்த நிலைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. மீட்டர் காட்டிய எண்ணில் பிழையில்லை. ஆனால் மீட்டர் இல்லாதபோது இருக்கும் சுற்றும் மீட்டர் இருக்கும்போது இருக்கும் சுற்றும் ஒன்றல்ல. ஏடிசியை அணைக்கும் ஒரே ஓர் அடியை நிரலில் சேர்த்ததும் பழுது சரியானது. அதன் பிறகு போட்ட செல் இரண்டு ஆண்டைத் தாண்டி இன்னும் ஓடுகிறது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு அளக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். முதல் மாற்றம் மிக எளியது: தெரியாத மின்னோட்டத்தை அளப்பதற்கு முன் தெரிந்த மின்னோட்டம் ஒன்றை அளந்து பார்ப்பது. 3 வோல்ட்டை ஒரு 1 மெகா ஓம் மின்தடையின் வழியே விட்டால் 3 மைக்ரோ ஆம்பியர் ஓட வேண்டும். 10 மெகா ஓம் என்றால் 0.3. நான் அளக்க அமைத்திருக்கும் ஏற்பாடு அந்த எண்ணைச் சரியாகக் காட்டினால் மட்டுமே அடுத்த வேலை. இரண்டு நிமிடத்துக்குள் முடியும் இந்தச் சோதனை என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. பழைய மீட்டரின் பூச்சியம் சற்றே விலகியிருந்ததையும், ஒரு ப்ரோப் கம்பியின் உள்ளே இழைகள் அறுந்திருந்ததையும் இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டாவது, தூங்கும்போது மைக்ரோ ஆம்பியரும் விழிக்கும்போது மில்லி ஆம்பியரும் இழுக்கும் சுற்றுக்கு ஒரே ஷன்ட் போதாது என்ற நெருக்கடி. ஷன்ட்டை 10 ஓம் ஆக்கினால் விழிப்பில் 0.13 வோல்ட்தான் விழும். சுற்று நன்றாக ஓடும். ஆனால் தூக்கத்தின் 6 மைக்ரோ ஆம்பியர் அதில் எழுப்புவது 60 மைக்ரோ வோல்ட், 0.1 மில்லி வோல்ட் படியில் காட்டும் மீட்டருக்கு அது தெரியாது. 1 கிலோ ஓம் வைத்தால் தூக்கம் தெரியும், விழிப்பு சரியும். நான் கையாளும் வழி, 1 கிலோ ஓம் மின்தடையோடு ஒரு சிலிக்கான் டையோடை, 1என்4148 வகையை, மின்னோட்டம் ஓடும் திசையில் பக்க இணைப்பாகச் சேர்ப்பது. தூக்கத்தில் மின்தடையின் மேல் விழும் சில மில்லி வோல்ட்டுக்கு அந்த டையோடு கடத்துவதில்லை என்றே சொல்லலாம். மின்னோட்டம் முழுவதும் மின்தடை வழியே போகிறது. விழிக்கும்போது டையோடு திறந்துகொண்டு, வீழ்ச்சியை 0.8 வோல்ட்டுக்குள் நிறுத்திவிடுகிறது. 3 வோல்ட்டில் 2.2 மிஞ்சும், ரேடியோவுக்குக் குறைந்தபட்சம் 1.9 வோல்ட் வேண்டும் என்பதால் இது போதும். மீட்டரை மின்னழுத்த ரேஞ்சில் வைத்து மின்தடையின் இரு முனைகளில் அளக்கிறேன். 1 மில்லி வோல்ட் என்றால் 1 மைக்ரோ ஆம்பியர். ஏடிசி அணையாத அந்த 226 மைக்ரோ ஆம்பியரைக்கூட இந்த ஏற்பாடு ஏறத்தாழச் சரியாகவே காட்டியது.

இங்கே ஒரு தவறையும் சொல்ல வேண்டும். சிலிக்கான் டையோடின் 0.8 வோல்ட் வீழ்ச்சியும் அதிகம் என்று எண்ணி, வீழ்ச்சி குறைந்த ஷாட்கி டையோடு ஒன்றை, 1என்5817ஐ, அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். சுற்று அழகாக ஓடியது. ஆனால் 1 மெகா ஓம் சோதனையில் 3.0 மில்லி வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 1.7 தான் காட்டியது. ஷாட்கி டையோடு சில மில்லி வோல்ட்டிலேயே மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கடத்தத் தொடங்கிவிடுகிறது. அளக்க வேண்டிய மின்னோட்டத்தில் பாதி அதன் வழியே நழுவிப்போகிறது. சோதனை செய்யாமல் இருந்திருந்தால் என் சுற்று 3 மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கிறது என்று மகிழ்ந்திருப்பேன்.

எனக்கு மிகவும் பிடித்த முறை, ஷன்ட்டே இல்லாத முறை. ஒரு பெரிய கெப்பாசிட்டரைச் செல்லின் இடத்தில் வைத்து, அதை 3 வோல்ட்டுக்கு ஏற்றி, சப்ளையைத் துண்டித்துவிட்டு, சுற்று அதிலிருந்தே ஓடும்படி விடுவது. குறிப்பிட்ட நேரத்தில் மின்னழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் போதும்: கொள்ளளவை மின்னழுத்தக் குறைவால் பெருக்கி, நேரத்தால் வகுத்தால் சராசரி மின்னோட்டம். இதன் சிறப்பு, தூக்கம், விழிப்பு, ரேடியோ எல்லாம் சேர்ந்த ஒரு முழுச் சுழற்சியின் சராசரியை ஒரே அளவில் தந்துவிடுவது. விழிப்பில் கேட்கும் 13 மில்லி ஆம்பியரையும் கெப்பாசிட்டர் தயங்காமல் கொடுக்கும். சுற்றுக்கும் அதன் மின்சார மூலத்துக்கும் நடுவே மீட்டர் என்று எதுவும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. 4700 மைக்ரோ ஃபாரட் என்று மேலே அச்சிட்டிருந்தாலும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உண்மையான கொள்ளளவு அதிலிருந்து 20 சதவீதம்வரை விலகியிருக்கலாம். அதை 3.00 வோல்ட்டுக்கு ஏற்றி, 100 கிலோ ஓம் மின்தடை வழியே சரியாக 60 நொடி வடியவிட்டு அளந்தேன்; 2.62 வோல்ட் இருந்தது. அந்த வீழ்ச்சியிலிருந்து கணக்கிட்டால் என் கெப்பாசிட்டர் சுமார் 4430 மைக்ரோ ஃபாரட். அடுத்தது, கெப்பாசிட்டரே உள்ளுக்குள் கசியும். நெடுநாள் சும்மா கிடந்ததை உடனே பயன்படுத்தினால் கசிவு அதிகமாக இருக்கும். சப்ளையில் இணைத்து ஓர் இரவு விட்டால் உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் தேறி, கசிவு பெரிதும் குறையும். சுற்றை இணைக்காமல் அதே 304 நொடிக்கு வைத்துப் பார்த்ததில் 0.03 வோல்ட் குறைந்தது, அது 0.4 மைக்ரோ ஆம்பியருக்குச் சமம். மூன்றாவது, மின்னழுத்தத்தை அளக்கும் மீட்டரும் இழுக்கும். 10 மெகா ஓம் உள்தடை உள்ள மீட்டர் 3 வோல்ட்டில் 0.3 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். ஆகவே தொடக்கத்தில் ஒரு தொடுதல், முடிவில் ஒரு தொடுதல். நடுவில் ப்ரோப்பை எடுத்துவிட வேண்டும்.

திருத்திய நிரலோடு என் கருவி 304 நொடியில் 3.00 வோல்ட்டிலிருந்து 2.43க்கு இறங்கியது. 4430ஐ 0.57ஆல் பெருக்கி 304ஆல் வகுத்தால் 8.3, கசிவைக் கழித்தால் 7.9 மைக்ரோ ஆம்பியர். தாளில் போட்ட 8 என்ற கணக்கோடு அது ஒத்துப்போனதைக் கண்டபோது, இத்தனை நாள் தேடிய ஒன்று கைக்குக் கிடைத்தது போன்ற நிறைவு எனக்கு ஏற்பட்டது. இரண்டு வெவ்வேறு வழிகளில் வந்த எண்கள் பொருந்தினால்தான் இப்போது எந்த அளவையும் நம்புகிறேன்.

சூப்பர் கெப்பாசிட்டரை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம் வேண்டாம் என்கிறது. ஏற்றிய பிறகும் பல மணி நேரம் அது உள்ளுக்குள்ளேயே மின்னூட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும். மைக்ரோ ஆம்பியர் அளவில் அந்த இழுப்பு அளக்க வேண்டியதையே மூழ்கடித்துவிடும்.

நானோ ஆம்பியர் அளவுக்கு இறங்க வேண்டிய தேவை எப்போதாவது வரும். ஒரு டையோடின் பின்னோட்டக் கசிவையோ, தூங்கும் ஒரு தனிச் சிப்பையோ பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு மீட்டரின் மின்னழுத்த ரேஞ்சையே வரிசையில் இணைத்துவிடலாம். அதன் 10 மெகா ஓம் உள்தடையே ஷன்ட் ஆகிவிடும்: 1 நானோ ஆம்பியருக்கு 10 மில்லி வோல்ட். ஆனால் சில மீட்டர்களின் உள்தடை 1 மெகா ஓம்தான். உறுதிசெய்ய, ஒரு செல்லின் மின்னழுத்தத்தை நேரடியாக ஒருமுறையும், 10 மெகா ஓம் மின்தடை ஒன்றின் வழியே மறுமுறையும் அளக்க வேண்டும். இரண்டாம் முறை பாதியாகக் காட்டினால் உள்தடை 10 மெகா ஓம். கண்ணாடி உறை கொண்ட 1என்4148ஐ இப்படி அளந்தபோது, மேசை விளக்கை அருகே கொண்டுவந்ததும் எண் மாறியது. கறுப்பு நாடாவைச் சுற்றியதும் அடங்கியது. டையோடின் சிலிக்கான் வெளிச்சத்தையும் மின்னோட்டமாக மாற்றுகிறது. அன்று முதல் இத்தகைய அளவுகளை மூடிய பெட்டிக்குள் வைத்தே எடுக்கிறேன்.

வாங்கக்கூடிய கருவிகளில், டேவ் ஜோன்ஸ் வடிவமைத்த மைக்ரோகரண்ட் இந்தச் சிக்கலை நேர்த்தியாகக் கையாள்கிறது: மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் 10 ஓம் ஷன்ட் வைத்து, அதில் எழும் மின்னழுத்தத்தை நூறு மடங்கு பெருக்கி, 1 மைக்ரோ ஆம்பியருக்கு 1 மில்லி வோல்ட் என்று மீட்டருக்குக் கொடுக்கிறது. இதை வீட்டிலேயே செய்துபார்க்க விரும்புகிறவர்கள் மின்னழுத்தத்தைப் பெருக்கும் சிப்பான ஆப்ஆம்ப்பில் எல்எம்358 போன்ற சாதாரண வகையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதன் உள்ளீட்டுப் பிழையே சில மில்லி வோல்ட், அளக்க வேண்டியதோ 60 மைக்ரோ வோல்ட். தன் பூச்சியத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வகை ஆப்ஆம்ப்தான் இதற்கு ஏற்றது. நேரத்தோடு மின்னோட்டம் மாறுவதை வரைபடமாகப் பார்க்க வேண்டும் என்றால் நார்டிக் நிறுவனத்தின் பவர் புரொஃபைலர் கிட் 2 உதவும். அது ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் கீழிருந்து 1 ஆம்பியர்வரை, நொடிக்கு ஒரு லட்சம் முறை அளக்கிறது. பலரும் கையில் வைத்திருக்கும் ஐஎன்ஏ219 மாட்யூல் இந்த வேலைக்கு ஆகாது. அதன் ஷன்ட் 0.1 ஓம், அது பிரித்தறியும் மிகச் சிறிய படி 10 மைக்ரோ வோல்ட். இரண்டையும் வகுத்தால் 100 மைக்ரோ ஆம்பியருக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.

நம்பத்தக்க அளவு கையில் வந்த பிறகும் எண் அதிகமாகவே இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்ற தேடல் தொடங்கும். என் போர்டுகளில் நான் அதிகம் பார்த்தது, எங்கும் இணைக்காமல் விட்ட உள்ளீட்டுப் பின்கள். அவை நடு மின்னழுத்தத்தில் மிதக்கும்போது பின்னின் உள்ளே மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் பாதி திறந்து, சப்ளையிலிருந்து தரைக்கு, அதாவது செல்லின் எதிர்முனைக்கு, நேரே கசியவிடும். இத்தகைய போர்டின் மேல் கையை அசைத்தாலே எண் ஆடும். அந்த ஆட்டமே நோயின் அடையாளம். மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும்: ஏஎம்எஸ்1117 தனக்கென்று மட்டும் 5 மில்லி ஆம்பியர் அளவில் எடுத்துக்கொள்கிறது, எம்சிபி1700 போன்றதோ 1.6 மைக்ரோ ஆம்பியரோடு நின்றுவிடுகிறது. தரைக்கு இழுக்கப்பட்டு நிற்கும் பின்னில் 10 கிலோ ஓம் புல்அப், அதாவது பின்னைச் சப்ளையோடு இணைக்கும் மின்தடை, இருந்தால் 3.3 வோல்ட்டில் அதுவே 330 மைக்ரோ ஆம்பியர்.

புரோகிராம் ஏற்றப் பயன்படும் யுஎஸ்பி சீரியல் அடாப்டர் இணைந்திருக்கும்போது எடுத்த எந்த அளவும் செல்லாது. ஒருமுறை செல்லைக் கழற்றிய பிறகும் என் சுற்று தொடர்ந்து ஓடியது. அடாப்டரின் சிக்னல் கம்பி வழியே வந்த மின்னழுத்தம், சிப்பின் பின்னில் உள்ள பாதுகாப்பு டையோடைக் கடந்து சப்ளைக்குப் போய், சிப்பை ஓட்டிக்கொண்டிருந்தது. அதே பாதை எதிர்த் திசையிலும் நிகழும்: சென்சாரின் சப்ளையை மட்டும் அணைத்துவிட்டு, அதன் சிக்னல் கம்பிகளை உயர்நிலையில் விட்டால், அந்தக் கம்பிகளே சென்சாருக்கு உணவூட்டும். சப்ளையை அணைக்கும் முன் அந்தப் பின்களைத் தாழ்நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று, போர்டின் தூய்மை. கதவு திறப்பதை அறியும் ஒரு சுற்றில் 10 மெகா ஓம் புல்அப் வைத்திருந்தேன். காலையில் சரியாக இருந்த எண் மாலையில் கூடியது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, ரீட் சுவிட்சின் இரு பேடுகளுக்கு நடுவே பற்றுவைத்த ஃபிளக்ஸ் மஞ்சள் படலமாக உறைந்திருந்தது. அதன்மேல் மெல்ல ஊதியதும் மீட்டரின் எண் ஏறி, ஈரம் காய்ந்ததும் மெதுவாக இறங்கியது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் இருமுறை தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட்ட பிறகு ஊதினாலும் எண் அசையவில்லை. விரல் பட்ட இடமும் இப்படியே கசியும் என்பதால், மெகா ஓம் அளவுள்ள பகுதிகளை இப்போது ஓரங்களைப் பிடித்தே கையாள்கிறேன். மைக்ரோ ஆம்பியர் அளவுகளைப் பிரெட்போர்டில் எடுப்பதையும் இதே காரணத்தால் விட்டுவிட்டேன்.

குறிப்பேட்டில் எழுதும் முறையும் மாறியிருக்கிறது. முன்பு ‘6.1 மைக்ரோ ஆம்பியர்’ என்று மட்டும் எழுதுவேன். இப்போது ஷன்ட் எத்தனை ஓம், சுற்றின் முனைகளில் அப்போது இருந்த மின்னழுத்தம் என்ன, அறையின் வெப்பநிலை என்ன, அளப்பதற்கு முன் கருவி எத்தனை செய்தி அனுப்பி முடித்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். வெப்பநிலையைக் குறிக்கக் காரணம், குறைகடத்திகளின் கசிவு ஏறத்தாழ 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பதுதான். குளிர்ந்த காலையில் எடுத்த எண்ணை வைத்து, வெயிலில் தொங்கப்போகும் கருவிக்கு ஆயுள் குறிக்க முடியாது.

புதிதாக வரையும் ஒவ்வொரு போர்டிலும், செல்லின் நேர்முனையிலிருந்து வரும் பாதையை வெட்டி, அங்கே இரண்டு ஊசி கொண்ட ஜம்பர் ஒன்றை வைக்கிறேன். ஜம்பர் மாட்டியிருந்தால் கருவி வழக்கம்போல் ஓடும். அளக்க வேண்டும் என்றால் ஷன்ட்டையும் டையோடையும் அந்த ஊசிகளில் முதலில் இணைத்து, கருவியை ஒரு முழுச் சுழற்சி ஓடவிட்டு, ரிசீவரில் செய்தி வந்ததைப் பார்த்த பிறகே ஜம்பரைக் கழற்றுகிறேன்.